நான்காவது புகார்

என் தங்கையின் கணவனை முகத்துக்கு நேரே ‘வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க’ என்பேன். மனதுக்குள் அவன், இவன்தான். இங்கே மனதில் இருப்பதையே எழுதுகிறேன். மரியாதை பார்த்து எழுதினால் நடந்தது புரியாது.

பதினோரு வருடம் ஒரு ரசாயனக் கிடங்கில் காவலாளியாக இருந்தவன் அவன். மணிக்கு ஒருமுறை நாற்பது கதவுகளையும் சுற்றி வந்து, ஒவ்வொரு பூட்டையும் ஆட்டிப் பார்த்து, கதவில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் உத்தியோகம். கிடங்கை மூடிவிட்டார்கள், பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் பூட்டை மூன்று தடவை ஆட்டுவான். தெருமுனை வரை போய்விட்டு நான்காவது தடவை ஆட்டுவதற்காகத் திரும்பி வருவான். நான் அவனுக்குப் பூட்டாட்டி என்று பெயர் வைத்திருந்தேன். என் மனைவியும் நானும் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரில்தான் அவனைப் பற்றிப் பேசுவோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நூற்று இருபது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பிளக்கைச் செருகாமலே ‘ஸ்கிரீன் செத்துப்போச்சு சார்’ என்று போன் செய்கிற மேலாளர், விசைப்பலகையில் டீயைக் கொட்டிவிட்டு ‘தானா நனைஞ்சிருக்கு’ என்கிற கணக்காளர், இவர்களோடு இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். மனிதர்கள் மேல் மரியாதை மிஞ்சுமா? எனக்கு மிஞ்சவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தேன். முழுசாக இல்லை. வெளிப்பெட்டியை வேறொன்றுக்காக எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் போர்டையும் மின்பெட்டியையும் திரையையும் மட்டும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தேன். குப்பைக்குப் போக வேண்டியதைக் கொடுத்துவிட்டு வள்ளல் மாதிரி நின்றேன். மாப்பிள்ளை அதை ஒரு பழைய மேசையின் இழுப்பறைக்குள் திருகி வைத்தான். பார்க்கச் சகிக்காது. ஆனால் ஓடியது.

எதற்கு என்றால், கோழிமுட்டைக்கு. வீட்டின் பின்னறையில் ஒரு துணி அலமாரியை இன்குபேட்டராக மாற்றியிருந்தான். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், சுற்றிலும் சூடுகொடுக்கும் பல்புகள். கம்ப்யூட்டர் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முப்பத்தேழு புள்ளி ஆறு டிகிரிக்குக் கீழே போனால் பல்பைப் போடும், மேலே போனால் அணைக்கும், இருபத்தொரு நாளும் என்ன வெப்பம் இருந்தது என்று ஒரு வரைபடமும் போட்டுக் கொடுக்கும். முதல் ஆறேழு ஈடும் சின்னச் சின்ன ஈடுகள். குஞ்சுகள் வந்தன, தெருவில் விற்றன.

பிறகுதான் பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். எண்ணூற்று நாற்பது முட்டை வைத்து, எழுநூறு குஞ்சாவது உயிரோடு கொடுத்தால், வருடம் முழுக்க வருகிற எல்லா ஈட்டையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெப்ப வரைபடமும் வேண்டும் என்றார். என் தங்கை ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள். பத்து மணி நேரம் நின்றபடியே வேலை. இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே கறுத்துப்போயிருந்தது. இனியும் நின்றால் புண் வரும், வந்தால் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஈடு நல்லபடியாகப் பொரித்தால் அவள் உட்காரலாம். விஷயம் அவ்வளவுதான்.

முட்டை வைத்த பதின்மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, நீ வந்து அந்த மிஷினைக் கொஞ்சம் பாரேன். கரண்ட் போய்ட்டு வந்தா அது தானா ஆரம்பிக்க மாட்டேங்குது. எவனாவது பக்கத்துல உக்காந்து பட்டனை அமுக்க வேண்டியிருக்கு.”

“பூட்… மாப்பிள்ளைதான் இருக்காரே, அமுக்கட்டும்.”

“பத்தொன்பதாம் தேதி பண்ணைக்காரர் எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கார். ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். போன தடவை என் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனப்ப கரண்ட் போய், அது நின்ன எடத்துலயே நின்னு, எரநூறு முட்டை சில்லிட்டுப் போச்சு. இந்தத் தடவை அப்படி ஆச்சுன்னா நான் செத்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருப்புளிகளோடு போனேன். பின்னறையில் சூடு முகத்தில் அடித்தது. ஒரு மூலையில் பெரிய அட்டைப்பெட்டி, அதில் விற்றது போக மிஞ்சிய முந்தைய ஈட்டுக் குஞ்சுகள். அவை இறகடிக்கும்போதெல்லாம் மஞ்சள் பஞ்சு பறந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. எனக்கு உடனே தும்மல் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை எனக்காகவே மிஷினை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினான். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. முன்பக்க விசிறியைக் காணோம். முன்பக்கச் செருகு பலகையைக் காணோம். பெட்டியின் மூடி திறந்திருக்கிறது. தொடர எஃப்-ஒன் விசையை அழுத்தவும். அவ்வளவுதான், அப்படியே நின்றது. பெட்டியே இல்லாத போர்டு பெட்டியைத் தேடுகிறது. இதில் ஒரு மண்ணாங்கட்டி ரகசியமும் இல்லை.

“இந்த மூணும் தினமும் சொல்லும் மச்சான்,” என்றான். “தினமும் காலைல ஆறு மணிக்கு நிறுத்திட்டுத் திரும்பப் போடுவேன். மூணையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் எஃப்-ஒன் அமுக்குவேன்.”

“நிறுத்தி எதுக்குப் போடறீங்க? ஓடிட்டிருக்கறதை?”

“என்ன சொல்லுதுன்னு கேக்கத்தான்.”

கதவின் உட்புறத்தைக் காட்டினான். சாக்கட்டியால் தேதி தேதியாக எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் ‘மூணும் சரி’, ‘மூணும் சரி’, ‘மூணும் சரி’. அடேங்கப்பா! கிடங்கில் பூட்டுக்குக் கையெழுத்துப் போட்டவன் இங்கே கம்ப்யூட்டருக்கு ஆஜர் எடுக்கிறான். விசிறி இல்லை, பலகை இல்லை, மூடி இல்லை என்று அது சொல்கிறது, இவன் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதுகிறான். சிரிப்பை அடக்கத் தும்முவது போல நடித்தேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. ‘நாலு சொல்லுது. உள் விசிறி அடைப்பு. பிரஷ்ஷால் துடைத்தேன். மறுபடி மூணு.’

அதையும் படித்தேன். நன்றாகவே படித்தேன்.

“மாப்பிள்ளை, இது பைத்தியக்காரத்தனம்,” என்றேன். “இதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. மூடிக்கான இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டினேன். மூடி மூடிவிட்டதாக அது நம்பியது. போர்டின் மேல் ஓடுகிற உள் விசிறியிலிருந்து ஒரு கம்பியைக் கிளை பிரித்து முன் விசிறியின் முனையில் செருகினேன். விசிறி இரண்டு இருப்பதாக நம்பியது. பென்டிரைவ் செருகுகிற அந்த முன்பக்கப் பலகையை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அது எந்த முனையில் எதை எதிர்பார்க்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவன் முன்னால் ஒப்புக்கொள்வதா? அமைப்புத் திரைக்குள் போனேன். பிழை வந்தால் நிற்கவேண்டுமா என்று கேட்கிற ஓர் இடம் உண்டு. ‘எந்தப் பிழைக்கும் நிற்க வேண்டாம்’ என்று மாற்றினேன். பிழைச் செய்தியைத் திரையில் காட்டுவதையும் நிறுத்தினேன். எல்லா வாயையும் ஒரே பூட்டில் பூட்டியாயிற்று.

பிறகு இருவரையும் கூப்பிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். இருபது நொடியில் பல்புகள் தானாகப் பளிச்சென்று எரிந்தன. தங்கை கை தட்டினாள். நிஜமாகவே கை தட்டினாள், சின்னப் பெண் மாதிரி.

மாப்பிள்ளை மட்டும் முகவாயைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“மச்சான், நெசமாவே ஏதாச்சும் கெட்டுப்போனா?”

“என்ன கெட்டுப்போகும்?”

“இல்ல… இப்ப அது ஒண்ணுமே சொல்லாதே. நாலாவதா ஏதாச்சும் இருந்தா சொல்லுமான்னு கேட்டேன்.”

இந்த இடத்தில் நான் சரியான பதிலைச் சொல்லியிருக்கலாம். சொல்லாது மாப்பிள்ளை, வாரம் ஒருதடவை நீங்களே திறந்து உள் விசிறியைத் துடையுங்கள் என்று ஒரு வரி. அந்த வரி என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேட்டவன் பூட்டாட்டி. அவன் கேட்டுவிட்டு அது சரியான கேள்வியாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“மாப்பிள்ளை, நீங்க கிடங்குல பூட்டுப் பாத்தவர். நான் இருபது வருஷமா இதையேதான் பாக்கறேன். காலைல ஆறு மணிக்கு நிறுத்திப் போடற அந்தக் கூத்தை மொதல்ல விடுங்க. அப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டாத்தான் மிஷின் கெடும்.”

கடைசியில் சொன்னது பச்சைப் பொய். தங்கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டீங்கள்ல? அண்ணனே சொல்லிட்டான். இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க. தொட்டீங்கன்னா பாருங்க!”

அவன் தலையை ஆட்டினான். போகிறபோது கதவில் இருந்த சாக்கட்டி எழுத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன், அறை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. அவன் வழக்கம்போல வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரைக்குத் தங்கை போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

“அண்ணா, முட்டைக்குள்ளேருந்து சத்தம் கேக்குது! காதை வெச்சா கீச்கீச்னு. தட்டு முழுக்க. நாளன்னிக்குப் பொரிஞ்சிடும். இவர் பூட்டை ஆட்டிக்கிட்டே நிக்கறார், பஸ் போயிடப் போகுது.”

“இழுத்துக்கிட்டுப் போம்மா. மிஷின் அது பாட்டுக்கு ஓடும். மத்தியானம் நான் வரேன், நல்லதாச் சமைச்சு வை.”

மூன்று மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களும் அப்போதுதான் வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். தங்கை கையில் ஒப்பந்தக் காகிதம். அதை மடிக்கக்கூட மனசில்லாமல் விரித்தே பிடித்திருந்தாள். பண்ணைக்காரர் அவளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினாராம். அதைத்தான் முதலில் சொன்னாள். கதவு திறந்தவுடன் சூடான ஒரு வாடை வந்தது. மூவருமே பின்னறைக்கு ஓடினோம்.

பின்னறையில் திரை நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தேழு புள்ளி ஆறு என்று காட்டியது. தங்கை அதைப் பார்த்து “அப்பாடா” என்றாள். மாப்பிள்ளை திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தான். பத்து ஐம்பத்திரண்டு. அது நகரவில்லை. மிஷின் காலையிலேயே உறைந்துபோயிருந்தது. உறையும்போது பல்பு எரிகிற நேரம், அதனால் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கச் சொல்ல யாரும் இல்லை.

அவன் அலமாரியைத் திறந்தான். உள்ளே தொங்கிய சாதாரண வெப்பமானியில் நாற்பத்தாறு. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தான். அதை வைத்துவிட்டு இன்னொன்று. பிறகு இரண்டாம் தட்டிலிருந்து ஒன்று. தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதோ எட்டாவதோ முட்டைக்குப் பிறகு அவன் எடுப்பதை நிறுத்தினான்.

நான் இழுப்பறையைத் திறந்தேன். உள் விசிறி அசையவில்லை, சூடேறித்தான் மிஷின் உறைந்திருக்கிறது. மஞ்சள் பஞ்சு இறக்கைகளுக்கு இடையே தலையணை மாதிரி அடைத்திருந்தது. நான்கு நாள்களில் ஏதோ ஒரு காலையில் நிறுத்திப் போட்டிருந்தால் அது நாலாவது புகாரைச் சொல்லியிருக்கும். சொல்லி, யாராவது வந்து பார்க்கும் வரை பிடிவாதமாக நின்றிருக்கும். அதன் வாயைக் கட்டியவன் நான். ஒரே பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த அறையில் அது புரியக்கூடிய ஒரே ஆளும் நான்தான்.

“என்னாச்சு மச்சான்?” என்று கேட்டான்.

“தூசி,” என்றேன். “உள் விசிறி அடைச்சுக்கிச்சு. துடைக்கல போல.”

துடைக்கல போல! யார் துடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

“ஆமா,” என்றான். “நாலு நாளாப் பாக்கல. நான்தான் பாக்கல.”

தங்கை ஒப்பந்தக் காகிதத்தைத் தரையில் போட்டாள். அதன்பிறகு அவள் அவனைப் பேசியதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டாள். கிடங்கை மூடின நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு ஒரு விசிறியைத் துடைக்க முடியவில்லையா என்றாள். புருஷன் என்று ஒருவன் இருந்தும் உருப்படாமல் போனேன் என்றாள். பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, “பாருங்க, இதைப் பாருங்க!” என்று கத்தினாள். அந்தக் கறுத்த காலை நானும் பார்த்தேன். ‘தொட்டீங்கன்னா பாருங்க’ என்று தானே சொன்னது அவளுக்கு நினைவு வரவில்லை. அவனுக்கு வந்திருக்கும். அவன் அலமாரியின் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான்.

எனக்கு அவன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. திருப்பிக் கேளேன்டா! உன் அண்ணன்தானே நிறுத்திப் போடாதே என்றான், நீதானே தொடாதே என்றாய் என்று கேளேன். ஒரு வார்த்தை நீ கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன், மாட்டிக்கொண்டால் ஒப்புக்கொண்டும் விடுவேன். கேட்கமாட்டான். கையாலாகாதவன். என் குற்றத்தைக்கூட அவன்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்ற நான் எப்படிப்பட்டவன் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவன் முட்டைகளை வாளியில் அடுக்கி அடுக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனான். இப்போதும் உடையாமல்தான் அடுக்கினான். மண்வெட்டியால் குழி தோண்டும் சத்தம் கேட்டது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நானும் பின்னால் போனேன். சத்தியமாக அதற்காகத்தான் போனேன்.

“மாப்பிள்ளை…”

அவன் திரும்பவில்லை. தோண்டிக்கொண்டே பேசினான்.

“மச்சான், எனக்காக ஒண்ணு செய்யணும். அவ இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு கம்பெனில எழுதிக் குடுத்துட்டா. நாளைக்கே போய் அதைத் திருப்பி வாங்கணும், இல்லாட்டி அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. நான் சொன்னா மூஞ்சியிலேயே அடிப்பா. நீங்க சொன்னா கேப்பா.”

“நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“பரவால்ல மச்சான். நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க சரியாத்தான் பண்ணிக் குடுத்தீங்க. கெடுத்தது நான்.”

வாளியைக் குழியில் கவிழ்த்தான். நான் பிறகு உள்ளே போனேன்.

தங்கை தரையில் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் குரலில் எடுத்துச் சொன்னேன். அவசரப்படாதே, வேலையை விட வேண்டாம், இன்னும் ஒரு வருடம் போகட்டும், காலுக்கு இறுக்கமான உறை போட்டுக்கொள், நானே வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

“இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நானே மாரடிக்கிறேன். நீ ஒரு வார்த்தை திட்டலையே அவரை. உனக்கு எப்படிண்ணா இவ்வளவு பொறுமை?”

“குடும்பம்னா அப்படித்தாம்மா,” என்றேன். அப்படியேதான் சொன்னேன்.